ஓரியனின் வாளில் ஒரு விண்முகில்

மார்கழியில் இரவு ஒன்பது மணிவாக்கில் கிழக்கு வானில் உயரத்தில் பார்த்தால், மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். வேட்டைக்காரனாகக் கற்பனை செய்யப்பட்ட ஓரியனின் இடைக்கச்சு அது. அதற்கு வடக்கே செந்நிறமாகத் தெரிவது நம் திருவாதிரை. தெற்கே, கச்சிலிருந்து தொங்கும் வாளின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் மற்றவைபோல் மின்னாமல் மங்கிப் பரந்திருக்கும். அது விண்மீன் அல்ல. 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஓரியன் நெபுலா என்னும் விண்முகில். மெஸ்ஸியேயின் விண்பொருள் பட்டியலில் 42ஆம் எண்.

வாயுவும் தூசியும் கலந்த இந்த முகிலுக்குள் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நடுவில் டிரபீசியம் எனப்படும் இளம் விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதில் மிகச் சூடான ஒன்றின் புறஊதாக் கதிர்தான் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து எறிகிறது. அவை மீண்டும் சேரும்போது 656 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. ஆக்சிஜன் பச்சையைத் தருகிறது.

சிறிய தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள், படங்களில் கண்ட அந்தச் சிவப்பு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மங்கிய ஒளியில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்கள் சிவப்பை உணர்வதில்லை. அதனால் சாம்பல் நிறமோ, லேசான பச்சையோதான் தெரியும். அதற்காகப் படங்கள் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சிவப்பு அங்கே உண்மையாகவே இருக்கிறது. கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க முடியாது, கேமராவால் முடியும்.

நெபுலாவின் ஒளியை இப்படிச் சேமிக்க முடியும் என்று முதலில் காட்டியவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று ஏறத்தாழ 50 நிமிடம் ஒளியைச் சேர்த்து இதே நெபுலாவைப் படம் பிடித்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அதுதான். 1883இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கி வழியே கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. வானியலில் கண்ணைப் புகைப்படம் முந்தியது அங்கேதான் என்பேன்.

இன்று டி.எஸ்.எல்.ஆர் கேமராவும் டிரைபாடும் போதும். 50 மி.மீ. லென்ஸில் ஆறு, ஏழு விநாடிக்கு மேல் திறந்து வைத்தால், பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடும். ஆகவே குறுகிய நேரப் படங்களாக நூறு எடுத்து, டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மென்பொருள் விண்மீன்களை வைத்துப் படங்களைப் பொருத்திவிடுவதால், நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. கேமராவின் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாக விழும் புள்ளிகள், படத்துக்குப் படம் மாறுகிறது. சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஃபோகஸை ஒரு பிரகாசமான விண்மீன்மேல் கையால் வையுங்கள். தானியங்கி ஃபோகஸை நம்ப வேண்டாம். சாதாரணக் கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி, ஹைட்ரஜனின் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் படம் இளஞ்சிவப்பாக வந்தால் கவலை வேண்டாம்.

கருவியைவிட முக்கியம் இருள். வைணு பாப்பு வானாய்வகத்தை ஜவ்வாது மலையில் காவலூரில் அமைத்ததற்கு அங்கிருக்கும் இருளும் ஒரு காரணம். அமாவாசையை ஒட்டி, ஊர் விளக்குகளைவிட்டு விலகிப் போங்கள். படம் எடுக்கும் முன் பைனாகுலரில் நெபுலாவைப் பாருங்கள். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றே ஒதுக்கிப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.