தேய்ந்த பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?



மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு எஞ்சினைப் பற்றி இருக்கும் கவலையில் பாதிகூட பிரேக்கைப் பற்றி இருப்பதில்லை. எஞ்சின் நின்றுபோனால் வண்டி சாலையோரத்தில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் நின்றுபோனால் வண்டி நிற்காது. கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையிலோ, கெந்திங் மலையிறக்கத்திலோ வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

1985-ல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 2005-ல் வந்த பெரோடுவா மைவி போன்ற நமக்குப் பழக்கமான வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். முன்சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதன் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு பேடுகள். நாம் மிதியை அழுத்தும்போது குழாயிலுள்ள திரவம் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோய், கேலிப்பர் என்னும் பிடியிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பேடுகள் தட்டைக் கவ்வுகின்றன. வண்டியின் வேகம் முழுவதும் அங்கே வெப்பமாக மாறுகிறது. இந்த ஏற்பாடு புதியதன்று. 1902-லேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் 1953-ல் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்ற பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

பேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். புதிதில் அதன் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. பல பேடுகளில் ஒரு சிறு தகரத் துண்டு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை வானொலியைக் கூட்டி வைத்து மறைப்பவர்களும் உண்டு! கீச்சொலி போய்க் கரகரவென்று அரைக்கும் ஒலி வந்துவிட்டால், இரும்பும் இரும்பும் உராய்கின்றன என்று பொருள். அதன்பின் பேடோடு தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

இதை வீட்டில் செய்யலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழகியவர், அவசரமில்லாதவர், செய்யலாம். சக்கரம்கூடக் கழற்றியறியாதவர் முதல்முறை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, கைப்பிரேக் மின்பொத்தானால் இயங்கும் வண்டியாக இருந்தால், அந்தப் பின்பக்கத்தைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

முதலில் இடம். நம் தாமான் வீடுகளின் முன்தளம் மழைநீர் ஓடுவதற்காகச் சாலைப் பக்கம் சரிவாகக் கட்டப்பட்டிருக்கும். பார்வைக்குத் தெரியாது, ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்குத் தெரியும். ஆகவே சமதளமான இடத்தில் கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். தூக்கியதும் இரும்புத் தாங்கியின்மேல் வண்டியை இறக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கருகில் குனியாதீர்கள். வண்டி சரிந்தால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். எது எங்கே இருந்தது என்று மறந்துவிட்டால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும். ஆனால் மாற்றும்போது இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் கேலிப்பரின் கீழ்ப்போல்ட்டைக் கழற்றினால், அது கதவுபோல் மேலே திறக்கும். அதைக் கம்பியால் கட்டி வையுங்கள். ரப்பர் குழாயில் தொங்கவிட வேண்டாம். பழைய பேடுகளை எடுத்ததும் உள்பேடையும் வெளிப்பேடையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், கேலிப்பர் நகரும் ஊசிகள் இறுகியிருக்கலாம். அவற்றைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். தட்டின் குறைந்த அளவு தடிமன் பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூசியை ஊதவே கூடாது. முற்காலத்துப் பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலைக் கெடுப்பது. இன்று மலிவாகக் கிடைக்கும் பேடில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

புதிய பேட் தடிமனானது; அதற்கு இடம் வேண்டும். தச்சர்கள் பயன்படுத்தும் கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது எஞ்சின் பக்கமுள்ள பிரேக் எண்ணெய்க் கலத்தில் மட்டம் உயரும். வழிந்தால் வண்டியின் சாயத்தை உரித்துவிடும். நாம் பிரேக் எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் வைத்த எல்லையோ 140 பாகைதான். நம்முடையது ஈரநாடு. மலையிறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால், மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கொருமுறை அதைப் பட்டறையில் மாற்றச் சொல்வது வீண்செலவன்று.

புதிய பேடுகளை, உராய்வுப் பக்கம் தட்டை நோக்கி இருக்குமாறு பொருத்தி, கேலிப்பரை இறக்கிப் போல்ட்டை முடுக்குங்கள். உராய்வுப் பக்கத்தில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது. சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் மறுபடியும் இறுக்குங்கள்.

இனி மிக முக்கியமான கட்டம். பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டோம் அல்லவா? அதனால் முதலில் அழுத்தும்போது மிதி தரைவரை போகும்; பிரேக் பிடிக்காது. இதை எண்ணாமல் வண்டியைப் பின்னால் எடுத்தால் பக்கத்து வீட்டு மதிலோ, அங்கே விளையாடும் பிள்ளைகளோதான் தடையாக நிற்பார்கள். எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே மிதியை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். கெட்டியாக நின்றால்தான் வண்டி நகரலாம். பிறகு கலத்தில் திரவ மட்டத்தைப் பாருங்கள்.

ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக அழுத்திக் குறைத்து, சற்று ஓடவிட்டு ஆறவைத்து, மீண்டும் குறைத்து, இப்படி இருபது முப்பது முறை செய்தால் பேடும் தட்டும் ஒன்றோடொன்று பொருந்தும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலைப்பயணமும் திடீர் நிறுத்தமும் வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்த வேலையை முதல்நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.