டாலர் விலையும் நம் ரூபாயும்

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு விளைவிக்கும் விவசாயி, விலையை மட்டுமா கேட்கிறார்? தரகும் வண்டிக்கூலியும் போக மிஞ்சுவது எவ்வளவு என்றும் பார்க்கிறார். கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே இணையவழி அயல்நாட்டு நூல் வாங்கும் நமக்கும் அக்கணக்குத் தேவை.

நூலின் விலை டாலரில் இருக்கும். நம் பணமோ ரூபாய். அதை மாற்றித்தர, வங்கி அட்டைகள் பலவற்றில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை கட்டணம் உண்டு. அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். நூலின் விலை 2,000 ரூபாய்க்குச் சமம் என்போம். 3.5 விழுக்காடு எனில் கட்டணம் 70 ரூபாய்; வரி 12 ரூபாய் 60 காசு. ஆக 82 ரூபாய் 60 காசு கூடுதல். ஏழை மாணவிக்கு இது நோட்டுப் புத்தகம் வாங்கும் பணம்!

"ரூபாயிலேயே செலுத்தலாம்" என்று கடை அழைத்தால் மயங்கிவிடலாகாது. அப்போது மாற்று விகிதத்தைக் கடைத் தரப்பே வகுக்கும். பெரும்பாலும் அது நமக்கு நட்டமே. சில வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் கேட்கும். மாற்றுக் கட்டணமே இல்லாத அட்டைகளும் சில உண்டு. ஆதலால், வாங்குமுன் வங்கியின் கட்டணப் பட்டியலைப் பெற்றோருடன் அமர்ந்து படிப்போம்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். சிறு செலவுக்கும் அது பொருந்துமன்றோ?