பாதி வெந்த வெடிமருந்து!

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவது பலருக்கு ஒரு விளையாட்டு. காகிதத்தில் வட்டம் போட்டு, குறி பார்த்துச் சுடுவார்கள். சுட்டு முடிந்ததும், காலியான பித்தளைக் கூடுகளை எறிந்துவிட மாட்டார்கள். ஒன்று விடாமல் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

எதற்கு? மறுபடியும் தோட்டா செய்வதற்கு!

கூட்டின் அடியில் ஒரு புதிய கேப். உள்ளே அளந்து போட்ட மருந்து. வாயில் ஒரு ஈயக் குண்டு. தோட்டா தயார்! கடையில் வாங்குவதை விடச் செலவு குறைவு.

காகிதத்தில் ஓட்டை போட அதிக வேகம் எதற்கு? ஆகவே மருந்தைக் குறைத்துப் போடுவார்கள். கை அதிராது. சத்தமும் குறையும்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம் ஆகிறது. சுட்டபின் ரிவால்வரைத் திறந்தால் ஒரே கரி! கூட்டின் வெளிப்புறம் கறுத்து இருக்கும். குழலுக்குள் எரியாத மருந்து மிளகுத்தூள் போலச் சிதறிக் கிடக்கும்.

மருந்தைக் குறைத்தால் அழுக்கும் குறைய வேண்டும் அல்லவா? கூடுகிறதே, ஏன்?

"டமார்", "புஸ்"

தீபாவளி வெடியை நினைத்துப் பாருங்கள். சணலை இறுகச் சுற்றிய வெடி "டமார்" என்று வெடிக்கும். சுற்று தளர்ந்த வெடி "புஸ்" என்று போய்விடும்.

துப்பாக்கி மருந்தும் அப்படித்தான். அடைபட்டு, அழுத்தம் ஏற ஏறத்தான் அது வேகமாக எரியும். அழுத்தம் குறைந்தால் மந்தமாகிவிடும். குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் போய்விடுகிறது. அதற்குள் எரியாத மருந்து அரைவேக்காடாக நின்றுவிடுகிறது.

கூட்டின் வெளிப்புறம் கறுப்பதும் இதனால்தான். சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் சரியாக ஒட்டாது. இடுக்கு வழியாகப் புகை பின்னால் வந்துவிடும்.

பெரிய பானை

குறி சுடுவோர் விரும்பும் தோட்டா ".38 ஸ்பெஷல்". ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1898-ல் கொண்டுவந்தது. அந்தக் கூடு பழைய கறுப்பு மருந்துக்காகச் செய்யப்பட்டது. கறுப்பு மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் சாம்பலுமாக மிஞ்சும். ஆகவே நிறையப் போட வேண்டியிருந்தது.

புகையில்லா மருந்தை 1884-ல் பால் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அது அநேகமாக முழுவதும் வாயுவாகிவிடும். கொஞ்சம் போட்டாலே போதும். லேசான தோட்டாவுக்குப் பழைய அளவில் ஏழில் ஒரு பங்குதான் போடுகிறார்கள். ஆனால் கூடு என்னவோ அதே கூடு! கல்யாணப் பானையில் ஒரு பிடி அரிசி போட்ட கதைதான். துப்பாக்கியைச் சாய்த்தால் மருந்து ஒரு பக்கம் ஓடிவிடும். கேப்பின் நெருப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்காது.

வழி என்ன?

சீக்கிரம் எரியும் மருந்தைப் போட வேண்டும். "புல்ஸ்ஐ" என்ற மருந்து இதற்குப் பெயர் போனது. குண்டு தளர்வாக இருக்கக்கூடாது. கூட்டின் வாயை உள்பக்கமாக நெரித்துக் குண்டைப் பிடிக்க வைக்க வேண்டும். கனமான குண்டும் நல்லது. அது நகரத் தாமதிக்கும், அழுத்தம் ஏறும். தட்டை மூக்குக் குண்டைக் கூட்டின் விளிம்பு வரை உள்ளே இறக்குவதும் உண்டு. காலி இடம் குறைந்துவிடும்.

சில சமயம் மருந்தின் மீது வீண் பழி! ஈயக் குண்டில் தடவிய மெழுகுப் பசைதான் புகைந்திருக்கும்.

மருந்து செய்யும் கம்பெனிகள் அளவுப் புத்தகம் வெளியிடுகின்றன. மிகக் குறைந்த அளவில் கரி பிடித்தால், அந்தப் புத்தகத்தின் எல்லைக்குள் சிறிது கூட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லையைத் தாண்டக்கூடாது.

கீழேயும் போகக்கூடாது. கரியாவது துடைத்தால் போய்விடும். மருந்து மிகவும் குறைந்தால் குண்டு பாதிக் குழலிலேயே சிக்கிக்கொள்ளும்! சத்தம் "பட்" என்று மெல்லக் கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் உப்பும், வெடித்தாலும் வெடிக்கும். சத்தம் மாறினால் உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும்.

சீக்கிரம் எரியும் மருந்திலும் ஒரு வம்பு உண்டு. அது கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். ஞாபக மறதியாக இரண்டாம் முறை போட்டாலும் வழியாது. அந்தத் தோட்டா ரிவால்வரையே பிளந்துவிடலாம்! இதற்காகவே "ட்ரெயில் பாஸ்" என்று ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. நடுவில் ஓட்டை உள்ள குட்டி வடை போன்ற துணுக்குகள். எடை குறைவு, இடம் அடைக்கும். இரட்டை அளவு போட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும்.

மற்ற மருந்துகளுக்குக் கண்தான் காவல். ஐம்பது கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்கிறார்கள். மருந்தின் மட்டம் ஒன்றில் மாறித் தெரிந்தாலும், அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் அளக்கிறார்கள்.