காட்டுக்கோழிக்கு எந்தத் துப்பாக்கி?

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினால், புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி கூவும். உடனே நம்ம ஆளுக்குள்ளே ஒரு வேட்டைக்காரன் விழித்துக்கொள்வான். 'வெயிட் இல்லாம ஒரு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி மட்டும் கையில இருந்தா...!'

சரி, எதை வாங்கலாம்?

மலையில் பறவை வேட்டை என்றால் சுடுவது கொஞ்சம், நடப்பதுதான் அதிகம். காலையில் மூன்றரை கிலோவாக இருந்த 12 போர், சாயங்காலம் முப்பது கிலோவாகிவிடும்! (ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று நுழையும் குழல்தான் 12 போர்.) 20 போரில் குழல் சிறுசு, மூன்று கிலோவுக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் எடை குறைந்தால் தோளில் உதை பலமாக விழும். அந்த உதையையோ, வெடித்த வாயுவையோ வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வதுதான் செமி ஆட்டோமேட்டிக். அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் 1900-ல் பேட்டன்ட் வாங்கிய வித்தை இது. வாயு ரகத்தில் உதை கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

ஆக, 20 போர், வாயு ரகம். வாங்கிடலாமா?

அவசரப்படாதீங்க சார்! 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு மொத்தமாகக் கதவைச் சாத்தியாச்சு. 2013-லிருந்து இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். உள்ளே வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் ஜெயில்!

நியாயம்தான். இந்தச் சாம்பல் காட்டுக்கோழிக்கு இந்தியாவை விட்டால் வேறு வீடு கிடையாது.

ஆசை தீரலையா? கழுத்தில் பைனாகுலரை மாட்டுங்க. உதைக்காது, லைசென்ஸ் கேட்காது. இன்னைக்குப் பார்த்த கோழியை நாளைக்கும் பார்க்கலாம்!