சிகிச்சைக் காலத்திற்கேற்ற மென்மையான சோப்பு

பட்டு நெய்யும் அங்கத்தினர்களுக்குக் காரத்தின் குணம் நன்கு தெரியும். நூலின் பசையைப் போக்கச் சோப்பு நீரில் அவிக்கிறோம். காரம் மிஞ்சினால் நூலே நலிந்துவிடும். சிகிச்சை பெறுவோரின் தோலும் அத்தகையதே. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கு அவ்விடத்துத் தோல் சிவந்து, வறண்டு, எரியும். சில மருந்துகளால் உள்ளங்கையும் உள்ளங்காலும் உரிவதுண்டு. அக்காலத்தில் வாசனைச் சோப்பு ஆகாது. வாசனையற்ற சோப்பை வீட்டிலேயே செய்ய இயலும். ஆயினும் அளவும் பொறுமையும் அவசியம்.

இத்தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1895, 1897-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அறிக்கையால் சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக் கடன் முறைக்கு வழிகாட்டிய பிரெடரிக் நிக்கல்சன் அவர்களே, பின்னர் மீன் துறையை நடத்தியபோது மீன் எண்ணெயில் சோப்புச் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். 1914-இல் கள்ளிக்கோட்டையில் அரசாங்கச் சோப்பு நிலையம் ஏற்பட்டது.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிச் சோப்பாகின்றன. காரம் முழுவதும் மாறி, எண்ணெய் சிறிது எஞ்சி நின்றால் சோப்பு மென்மையாயிருக்கும். ஆகவே மென்மையைத் தருவது தராசே.

காவிரிக் கரைத் தென்னையும், மானாவாரி நிலத்துக் கடலையும் ஆமணக்கும் நமக்கு எண்ணெய் தருகின்றன. தேங்காயெண்ணெய் 150 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், தூய காஸ்டிக் சோடா 68 கிராம், தண்ணீர் 170 கிராம் என எல்லாவற்றையும் நிறுத்தே எடுக்க வேண்டும். கடலை ஒவ்வாதவர்களுக்கு, அதற்குப் பதிலாக அதே எடை நல்லெண்ணெய் சேர்க்கலாம். சாயப்பட்டறையில் திறந்து கிடந்த சோடா ஈரம் உறிஞ்சியிருக்கும்; அதன் அளவை நம்பலாகாது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகளை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் எவர்சில்வர் பாத்திரத்தில் செய்க. அலுமினியம் ஆகாது; காரம் அதை அரிக்கும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவுக. கண்ணில் பட்டிருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. சோடா நீரும் எண்ணெயும் இளஞ்சூட்டுக்கு வந்தபின் இரண்டையும் கலந்து, கரண்டியால் இட்ட கோடு மேலே நிற்கும்வரை கிளறுக. காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, இரண்டு நாள் கழித்துக் கையுறையுடனேயே துண்டு செய்து, நிழலில் 6 வாரம் உலர்த்துக. வெண்ணிறத் துகளோ ஈரக் கசிவோ கண்டால் அதனை நோயாளிக்குக் கொடுக்கலாகாது.

மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி, வாசனைத் தைலம் எதுவும் சேர்க்க வேண்டாம். நல்ல தோலுக்கு இதமானவையும் புண்பட்ட தோலை உறுத்தும். சிகைக்காய்த் தூளும் அவ்விடத்தில் ஆகாது, சொரசொரப்பு கீறிவிடும்.

ஒன்றை மறைக்கலாகாது. தோல் இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மையுடையது. எவ்வளவு கவனமாகச் செய்த சோப்பும் காரமுடையதே. ஆதலின் சிலருக்குச் சோப்பே வேண்டாமென மருத்துவர் சொல்வார். துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் இசைந்த பின்னரே உபயோகிக்க வேண்டும். மறுத்தால் வீட்டில் மற்றவர்க்கு அது பயன்படும்.

இசைந்தால், வெதுவெதுப்பான நீரில் கையால் மெதுவாகக் கழுவி, பழகிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கவும். தேய்க்கலாகாது. கதிர்வீச்சுக்காக இட்ட குறிகளை அழிக்கலாகாது. தோல் வெடித்தாலோ நீர் கசிந்தாலோ சோப்பை நிறுத்தி, அன்றே மருத்துவரைக் காண்க.

நோயாளி தாமே இதைச் செய்தல் தகாது. சிகிச்சைக்கு நாள் குறித்தபின் தொடங்கினால் உலர்வதற்கு அவகாசமும் போதாது. ஆகவே பக்கத்து வீட்டு அங்கத்தினர் ஒருவர் முன்கூட்டியே செய்து, உலர்ந்த துண்டுகளில் தேதி எழுதி வைப்பாராக. தேவைப்படும் குடும்பத்துக்கு அது காலத்தில் செய்த உதவியாகும்.