தொலைவிலுள்ள கோப்பும் முன்விசாரணையும்

அம்பாறை மாவட்டத்து இறக்காமத்திலே பெரும்போக விதைப்புக் காலம் அணுகும்போது, விதைநெல் வாங்கக் கல்முனைக்குப் புறப்படுபவர் நெல் இருக்கின்றதா என்று கடைக்காரரிடம் முதலில் விசாரித்துக்கொள்வார். விசாரியாது உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் கொண்டு சென்றால், எண்ணெய்ச் செலவும் ஒரு நாட்பொழுதும் வீணாகக்கூடும். தொலைவிலுள்ள கணினியிலிருந்து கோப்பொன்றைப் பெற நிரல் எழுதுவோரும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றனர்.

கோப்புகளை வைத்திருந்து, கேட்போருக்கு அனுப்பும் கணினி வழங்கி எனப்படும். அதனோடு பேசுதற்குரிய நெறிமுறை எச்.ரி.ரி.பீ. என்பதாகும். 1996ஆம் ஆண்டு வெளியான அதன் 1.0 விவரணத்திலேயே கெட், ஹெட் என்னும் இரு வேண்டுகோள்களும் இடம்பெற்றுள்ளன. கெட் என்பது பொருளையே தருமாறு கேட்பது. ஹெட் என்பது பொருளை அனுப்பாது, அதனைப் பற்றிய விவரத்தை மட்டும் கேட்பது. விடையாக எண்ணொன்று வரும். 200 எனின் கோப்பு உண்டு. 404 எனின் காணப்படவில்லை. 410 எனின் அகற்றப்பட்டுவிட்டது. கோப்பின் பருமனும் வகையும் பெரும்பாலும் உடன் அறிவிக்கப்படும். பெருநூலொன்றின் கோப்பு உண்டோ இல்லையோ என்பதை இவ்வாறு மிகச் சிறு செலவில் அறியலாம். கைப்பேசியில் அளந்து பணம் செலுத்தி இணையத்தைப் பயன்படுத்தும் மாணவருக்கு இது சிறிய நன்மையன்று.

எனினும், பணத்தைவிடப் பெரிய இழப்பொன்றும் உண்டு. வழங்கியின் விடையை நோக்காத நிரல், “கோப்பு இல்லை” என்று வந்த அறிவித்தலையே நூலின் பெயரால் சேமித்து வைத்துவிடும். பட்டியலில் நூல் இருக்கும். திறந்து பார்த்தால் நூல் இராது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களை மின்வடிவிற் காக்கும் நூலகம் என்னும் இணையத்தளம் 2005ஆம் ஆண்டு தொடங்கியது. இத்தகைய சேமிப்புகளிலிருந்து பிரதி எடுப்போர் வெற்றுப் பிரதியை நூலென்று நம்பியிருப்பின், மூலம் மறைந்த பின்னரே இழப்புத் தெரியவரும்.

ஆகவே, விடையை மூவகையாகப் பகுத்தறிதல் வேண்டும்: உண்டு, இல்லை, தெரியவில்லை. 500 முதலிய எண்கள் வழங்கியின் கோளாற்றைக் குறிப்பன. 405 என்பது அவ்வேண்டுகோளுக்கு அங்கு இடமில்லை என்பதாகும். இணைப்பு அறுந்தால் விடையே வராது. இவற்றைக் கொண்டு கோப்பு இல்லை என்று முடிவு செய்தல் பிழை. கோளாறோ இணைப்பு அறுதலோ எனின் சிறிது பொறுத்து மீண்டும் கேட்டலும், ஹெட் வேண்டுகோளுக்கு 405 வரின் கெட் வேண்டுகோளால் கேட்டலுமே முறை. 301 எனின் கோப்பு வேறு முகவரிக்குச் சென்றுவிட்டது. அங்கே சென்று கேட்டல் வேண்டும். சில வழங்கிகள் 200 என்று கூறிக்கொண்டே “காணவில்லை” என்னும் பக்கத்தை அனுப்புவதும் உண்டு.

அன்றியும், முன்விசாரணை உறுதிமொழியாகாது. கடைக்காரர் உண்டென்று கூறிய நெல், வாங்குபவர் கல்முனையை அடையுமுன் விற்றுப்போகலாம். அவ்வாறே ஹெட் விடைக்கும் கெட் வேண்டுகோளுக்கும் இடையே கோப்பு அகற்றப்படலாம். ஒரே கோப்பாயின் நேரே கெட் வேண்டுகோளை விடுத்து, வந்த எண்ணை நோக்கிய பின்னரே உள்ளடக்கத்தைச் சேமித்தல் போதுமானது. பல கோப்புகளை, அல்லது மிகப் பெரியவற்றை எடுக்க வேண்டியவிடத்து முன்விசாரணை பெரிதும் பயன்படும். எவ்வழியாயினும், வந்ததைத் தற்காலிகப் பெயரில் வைத்து, அறிவித்த பருமனும் வகையும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பின்பே உரிய பெயரைச் சூட்டுதல் வேண்டும்.

புறப்படுமுன் விசாரிப்பது செலவைக் காக்கும். வந்ததைத் திறந்து பார்ப்பது நூலைக் காக்கும். முன்னையதைச் செய்துவிட்டோமென்று பின்னையதைக் கைவிடாத நிரலே நம்பத்தக்கது.