கழுத்தில் சத்திரசிகிச்சையா? மயக்க வைத்தியரிடம் மறைக்காதீர்கள்

கழுத்து முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை என்றதும் எம்மவர் கத்தியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மூச்சைப் பற்றி யோசிப்பவர் குறைவு. மயக்க மருந்து ஏறியதும் நாக்குப் பின்னால் சரியும், சுவாசத் தசைகள் ஓயும். அதனால் தொண்டை வழியாக ஒரு குழாய் விட்டு இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பார்கள்.

வழக்கமாகத் தலையைப் பின்னால் சரித்துத்தான் அந்தக் குழாயை விடுவது. முண்ணாண் ஏற்கனவே நசுங்கியிருப்பவருக்கு அப்படிச் சரிப்பதே கைகால்களைப் பாதிக்கக்கூடும். ஆகவே ஒருவர் தலையை அசையாமல் பிடித்திருக்க, கமரா பூட்டிய கருவியால் பார்த்து விடுவார்கள். சிலருக்குத் தொண்டையை மட்டும் விறைக்கப்பண்ணி, விழித்திருக்கும்போதே வளையக்கூடிய மெல்லிய கமராக் குழாயின் துணையோடு விடுவதுண்டு. "மயக்காமல் குழாய் விடப் போகினமாம்" என்று பயந்து மறுத்துவிடாதீர்கள். நீங்களாகவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

எந்த முறை என்று யோசிக்கும் இடம் "கொன்சுல்தாசியோன் தனெஸ்தேசி". 1994 டிசம்பர் 5ஆம் திகதிய ஆணைப்படி, பிரான்சில் முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குச் சில நாட்கள் முன்னதாக இந்தச் சந்திப்புக் கட்டாயம். லீவு கிடைக்கவில்லையென்று தவறவிட வேண்டாம். அங்கே வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்கள். தொண்டை எவ்வளவு தெரிகிறதென்று பார்க்கும் இந்தச் சோதனையை 1985இல் எழுதியவர், ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி.

நெடுங்காலம் பாக்குப் போட்டவருக்கு வாயின் உட்சதை இறுகி, வாய் திறப்பது குறையலாம். பிரெஞ்சு வைத்தியருக்கு இதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம், நீங்களே சொல்லுங்கள். ஆடும் பல், கட்டுப்பல், பலத்த குறட்டை, கழுத்தை நிமிர்த்தினால் கை விறைப்பது, ஊரில் தாடையிலோ கழுத்திலோ பட்ட பழைய செல் காயம், முன்னர் குழாய் விடச் சிரமப்பட்டது எல்லாம் சொல்ல வேண்டியவை.

பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவது எம்மிடையே வழக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு விறைப்புக்கும் நோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியுமா? அப்பாவின் குடியையும் சிகரெட்டையும் அது எப்படிச் சொல்லும்? நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

அன்று காலை "ஒரு வாய் பால்தேத்தண்ணிதானே" என்று குடித்துவிடவும் கூடாது. பால் சாப்பாட்டுக் கணக்கு. மயக்கத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும்.

முன்கழுத்தால் சத்திரசிகிச்சை செய்தால் சில நாள் தொண்டை நோவும் கரகரத்த குரலும் இருக்கலாம். ஆனால் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால், உள்ளே இரத்தம் கசிந்து சுவாசவழியை நெரிக்கிறதென்று எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் உடனே மணியை அடித்துத் தாதியைக் கூப்பிடுங்கள். வீட்டிலென்றால் 15.